அரசுப் பணி நியமனத்தில் ஊதியமும் விடுப்பும்

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான ஆணை கைக்கு வரும்போதே சம்பளம் முடிவாகியிருக்கும். 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. 2017ஆம் ஆண்டின் திருத்திய ஊதிய விதிகள் வகுத்த 32 நிலைகளில் அந்தப் பதவி எங்கோ இருக்கும். தேர்வு எழுதிப் புதிதாக வருபவர் அந்த நிலையின் முதல் படியில் தொடங்குவார். தனியாரில் பத்து வருடம் வேலை பார்த்த அனுபவம் இங்கே ஒரு ரூபாயைக்கூட ஏற்றாது. ஆனாலும் கேட்டுப் பெறவேண்டியவை சில உண்டு. கேட்கத் தெரியாமல் அவற்றை இழப்பவர்கள்தான் அதிகம்.

வேலைக்குரிய கூலியை முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரம் நல்ல சாட்சி. இங்கே கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை அது 25 பங்காக்குகிறது. கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் 3 பங்கு, கூரத்து மண்டபத்தின் தண்ணீருக்கும் நெருப்புக்கும் 1 பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க 1 பங்கு. எஞ்சிய 20 பங்கு மறையோருக்கு. பாரதம் வாசிப்பவரின் குரல் எப்படியிருந்தாலும் அவருக்கு ஒரு பங்குதான்.

இப்படிப்பட்ட ஊர்களில் அரசின் முகமாக இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் வெகுகாலம் பரம்பரையாகவே வந்தன. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 அன்று அவற்றை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982இல் அதை ஏற்றது. இன்று அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலராகத் தேர்வாணையத்தின் வழியே வருபவருக்கு நிலை 8, தொடக்க ஊதியம் ரூ.19,500. 2025 ஜனவரியில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியைப் போட்டால் ரூ.10,725 சேரும். வீட்டு வாடகைப்படி தனி.

அப்படியானால் எதைக் கேட்கலாம்? முதலாவது, பழைய பணி. ஏற்கெனவே ஓர் அரசுத் துறையில் இருப்பவர், துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கித் தேர்வெழுதி, முறைப்படி விடுவிக்கப்பட்டுப் புதிய பதவிக்குப் போனால் பழைய பணிக்காலத்தைத் தொடர்ச்சியாகக் கோர வழி இருக்கிறது. வெறும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு 1978ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளின்படி முந்தைய பணிக்காலம் கழிந்துபோகும். கடிதத்தில் 'இன்ன பதவியில் சேருவதற்காக' என்ற ஒரு வரி இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

இரண்டாவது, சேரும் நாள். இங்கே ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் விழுகிறது. மார்ச் 31 முற்பகல் பணியேற்றவருக்கு உயர்வு மறு ஜனவரியிலேயே வரும். ஒரு நாள் தள்ளி ஏப்ரல் 1 சேர்ந்தவர் மறு ஏப்ரல் வரை காத்திருப்பார். 3 சதவீதம்தான், 19,500 என்பது 20,100 ஆகும். ஆனால் அந்த மூன்று மாத வித்தியாசம் ஒவ்வொரு ஆண்டும் தொடரும். பணியேற்பு அறிக்கையில் மு.ப., பி.ப. என்று எழுதுவதை அலுவலகங்கள் உன்னிப்பாகப் பார்ப்பது சும்மா இல்லை.

மூன்றாவது, இடம். தரவரிசைப்படி நடக்கும் கலந்தாய்வில் துறையையும் மாவட்டத்தையும் தேர்ந்தெடுக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் தேர்வருக்குக் கிடைக்கும் உண்மையான பேரம். சொந்த ஊருக்குப் பக்கத்து மாவட்டமா, பதவி உயர்வு விரைவாக வரும் துறையா என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போகவேண்டும்.

அமெரிக்கக் கூட்டரசுப் பணியில் விதி வேறு. பதினைந்து தரங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள் என்று அட்டவணை அங்கும் உண்டு. ஆனால் சிறப்புத் தகுதியைக் காட்டி முதல் படிக்கு மேலே கேட்கலாம். வெளி அனுபவத்தைக் கணக்கில் சேர்த்து, ஆண்டுக்கு 13 நாள் விடுப்புக்குப் பதில் 20 அல்லது 26 நாளும் பெறலாம். இரண்டுக்கும் பணியில் சேருவதற்கு முன்பே ஒப்புதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தப் பேரத்தைத் தனியாள் நடத்துவதில்லை, சங்கங்கள் நடத்துகின்றன. 1988 வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கை மத்திய அரசுக்கு இணையான ஊதியம். அது 1988 ஜூன் 1 முதல் கணக்கிட்டு வழங்கப்பட்டது. பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக 2003 ஜூலையில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு ஒரே வீச்சில் நீக்கியது. ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2003 ஆகஸ்ட் 6 அன்று சொன்னது. ஊழியர் கூட்டங்களில் அந்த ஆண்டைப் பேசும்போது இன்றும் குரல் தழுதழுக்கும்.

விடுப்பும் இப்படித்தான் வளர்ந்தது. தற்செயல் விடுப்பு (சி.எல்.) ஆண்டுக்கு 12 நாள். பணிவரன்முறை முடிந்தவருக்கு ஈட்டிய விடுப்பு (இ.எல்.) அரையாண்டுக்கு 15 நாள், சேமிப்பின் உச்சம் 240 நாள். மகப்பேறு விடுப்பு 90 நாளிலிருந்து 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம் என்று நீண்டது. பணியில் சேருவதற்கு முன் பிறந்த இரு குழந்தைகளைக் காரணம் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்காடினார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான், ஏப்ரல் 28 அன்று, மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்தோடு சேரும் என்றும், கொரோனாவின்போது நிறுத்திய, விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறும் இ.எல். சரண்டர் அக்டோபர் 1 முதல் 15 நாளுக்குத் திரும்பக் கிடைக்கும் என்றும் சட்டப்பேரவையில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்திருந்தார்.