சீதபேதி நடந்து வந்த பாதை

பதுளையிலிருந்து பசறை ஊடாக மேலேறும் பாதை மடூல்சீமைக்குப் போகிறது. 1869 இல் அங்கிருந்த ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். இலங்கையில் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதலில் கண்ணில் பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. நோய் கண்ட இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. பெர்க்லி என்ற பூஞ்சையியல் அறிஞர் அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்து, இரண்டு வருடம் தங்கி, பூஞ்சை எப்படி முளைக்கிறது, அதன் வித்திகள் காற்றில் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்து எழுதினார். கோப்பி பிழைக்கவில்லை; தேயிலை வந்தது. ஆனால் கோப்பியைக் கொன்றது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

அந்தக் கோப்பியைப் பறித்த கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது அவ்வளவு தெளிவாகப் பதிவாகவில்லை.

மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அங்கிருந்து கண்டி, பிறகு இன்னும் உயரத்துக்கு, ஊவாவுக்கு. வழியில் குடித்தது குட்டைத் தண்ணீர். நடந்து வந்தவர்களில் பலர் தோட்டத்தைப் பார்க்காமலே பாதையோரத்தில் செத்தார்கள். காலரா, அம்மை, சீதபேதி மூன்றும் அந்தப் பாதையில் அவர்களோடு கூடவே வந்தன. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பிரா: பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. குடிக்கவும் குளிக்கவும் பீலித் தண்ணீர். பீலிக்கு மேலே மலையில் என்ன கிடந்ததோ அதுவும் சேர்ந்து இறங்கியது. மழைக்காலம் பிறந்தால் வயிற்றுக்கடுப்பும் பிறந்துவிடும்.

சாவு அளவு மீறியபோது, 1872 இல் அரசு தோட்டத் தொழிலாளர்களுக்கான மருத்துவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டப் பகுதிகள் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு டொக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள். செலவை யார் தருவது என்பதில் தோட்ட முதலாளிகளுக்கும் அரசுக்கும் பல வருடம் இழுபறி. பதுளைக்கு ரயில் வந்ததே 1924 இல்தான். அதற்கு முன் நோயாளியை மலையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். சாகும் தறுவாயில்தான் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள் என்பது அன்றைய டொக்டர்களின் ஓயாத முறைப்பாடு. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்று: வயிற்றோட்டம், சீதபேதி, உடல் தளர்ச்சி. எந்தக் கிருமி என்ற கேள்விக்கு அப்போது விடை சொல்லவும் முடியாது. சீதபேதியின் ஒரு கொடிய வகைக்குக் காரணமான கிருமியை ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டுபிடித்தது 1897 இல்தான். அவருடைய பெயரால் அந்த இனம் ஷிகெல்லா ஆனது.

ஆனால் அதே தோட்டங்கள் ஆட்களை எண்ணுவதில் மிகவும் கவனமாக இருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளி கழுத்தில் நூலில் கோத்த ஒரு தகர வில்லை தொங்கும். ஒரு எழுத்து அவர் போகும் மாவட்டம். ஓர் எண் தோட்டம். இன்னோர் எண் அவர். வழியில் எங்கே விழுந்தாலும் அவர் எந்தத் துரையின் ஆள், செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது அந்த வில்லையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆளைக் கொன்ற கிருமிக்கு, அது எந்தக் கிளை, எங்கிருந்து வந்தது என்று காட்டும் அப்படி ஒரு வில்லை கட்ட இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் சல்ஃபா மருந்துகளும், பிறகு ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிகால், டெட்ராசைக்ளினும் வந்தபோது சீதபேதியின் கதை முடிந்தது என்றே பலர் நம்பினார்கள். முடியவில்லை. 1950களின் நடுவில் ஜப்பானில் இந்த நான்குக்குமே அடங்காத ஷிகெல்லா தென்பட்டது. 1959 முதல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு புதிரை அவிழ்க்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பு ஆற்றல் கிருமியின் முக்கிய மரபணுத் தொகுதியில் இல்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. அந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்கு, வேறு இனக் கிருமிக்குக்கூட, ஒரே நேரத்தில் நான்கு எதிர்ப்புகளையும் சுமந்துகொண்டு தாவும். இன்றைய ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதன் முக்கிய அடிப்படைகளில் ஒன்று இது. அதை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது சீதபேதிக் கிருமி.

1969 இல் மத்திய அமெரிக்காவில் ஷிகாவின் கிருமி மருந்தெதிர்ப்போடு திரும்பி வந்தது. குவாத்தமாலாவில் அதை முதலில் அமீபா நோய் என்று தவறாக எண்ணி மருந்து கொடுத்ததால் சாவு கூடியது. 1972, 1973 இல் வேலூரும் தென்னிந்தியாவும். அதே காலத்தில் வங்காளதேசம். 1976 இல் இலங்கை. இலங்கையில் அந்த அலைக்குச் சற்று முந்தைய ஆண்டுகளை மலையகம் மறக்க முடியாது. 1973, 1974 இல் அரிசியும் மாவும் தட்டுப்பாடாகி, தோட்டங்களில் சாவு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விடக் கடுமையாக ஏறியிருந்தது. பசியில் மெலிந்த உடம்புக்கு எந்தக் குடல் நோயும் இரட்டிப்பு ஆபத்து.

2016 இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஷிகாவின் கிருமியுடைய வரலாற்றைக் கிருமியிடமிருந்தே வாசித்தார்கள். 1915 முதல் 2011 வரை, 66 நாடுகளில் சேகரித்து வைத்திருந்த 331 மாதிரிகளின் முழு மரபணுவையும் வரிசைப்படுத்தி, வேறுபாடுகளை ஒப்பிட்டுக் குலவரிசை போட்டார்கள். குறைந்தது 18 ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்த கிருமி, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உலகெங்கும் பரவியிருக்கிறது. அது காலனி ஆட்சிகள் கப்பல் கப்பலாக ஆட்களை இடம் மாற்றிய காலம். இந்தக் கிருமியில் மருந்தெதிர்ப்பு 1960களில் ஆசியாவிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. 1990களுக்குப் பிந்தைய மாதிரிகளில் 99 வீதம் மருந்துகளை எதிர்த்தன. ஆப்பிரிக்காவைப் பின்னாளில் உலுக்கிய கிளை இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனது. மன்னார்ப் பாதையில் மனிதர் நடந்த அதே காலத்தில் கிருமியும் கண்டம் தாண்டியிருக்கிறது. தோட்டப் பதிவேடு சொல்லாமல் விட்டதில் ஒரு பங்கை மரபணு இன்னும் வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இந்த வாசிப்பு அன்றாட வேலைக்கும் உதவுகிறது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருவருக்கு ஒரே வாரத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமியின் தொற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே குழாயிலிருந்தோ ஒரே கையிலிருந்தோ பரவியதா, தற்செயலாக வெவ்வேறு இடத்திலிருந்து வந்ததா? 1998 இல் வகுக்கப்பட்ட ஒரு முறையில், அதிகம் மாறாத ஏழு மரபணுக்களின் துண்டுகளை மட்டும் வாசிப்பார்கள். ஏழும் சேர்ந்து ஒரு வகை எண்ணைத் தரும். எண் வேறென்றால் தொடர்பு இல்லை. எண் ஒன்றென்றால் முழு மரபணுவையும் வாசித்து, எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணி, யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்விக்குக் கிட்டப் போகலாம். எந்தக் குழாயைக் கழற்றுவது, எந்தக் கட்டிலைத் தனிப்படுத்துவது என்பது அதிலிருந்து முடிவாகும்.

கிருமியை மட்டுமல்ல, எதிர்ப்பைத் தரும் மரபணுவையும் இப்படித் தேடிக் கண்டுபிடிக்கலாம். 2010 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு, என்டிஎம்-1 என்ற மரபணு சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 இலும் பிரிட்டனில் 37 இலும் இருப்பதைக் காட்டியது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளையே உடைக்கும் மரபணு அது. 2014 இல் இலங்கை, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இலங்கையில் எடுத்த கிளெப்சியெல்லா மாதிரிகளில் அதே என்டிஎம் குடும்பத்தையும், இந்தியாவில் முன்பே அறியப்பட்ட ஆக்சா-181 என்ற மரபணுவையும் கண்டார்கள். சீதபேதியும் ஓயவில்லை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காத ஷிகெல்லா சொன்னெய் தெற்காசியாவில் தோன்றி உலகெங்கும் போயிருக்கிறது என்று 2016 இல் இன்னொரு மரபணு ஆய்வு காட்டியது.

இந்த வரைபடத்தில் ஊவாவின் தோட்டங்கள் எங்கே? வகைப்படுத்த வேண்டுமானால் முதலில் மாதிரி வேண்டும். தோட்டத்து ஆளுக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் முதல் வாசல் தோட்ட டிஸ்பென்சரி. மாத்திரை கிடைக்கும், மலத்தையோ இரத்தத்தையோ வளர்த்துப் பார்க்கும் வசதி அங்கே கிடையாது. குணமாகாவிட்டாலும், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று மாத்திரையோடு வேலைக்கு மலையேறுவார்கள். பதுளைப் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது ஏற்கெனவே ஒன்றிரண்டு மருந்து உடம்பில் இறங்கியிருக்கும். மருந்து தொட்ட மாதிரியில் கிருமி வளர்வது கடினம். வளராத கிருமிக்கு எண்ணும் இல்லை, குலவரிசையும் இல்லை.

மருந்தெதிர்ப்புக்கு எதிரான இலங்கையின் தேசியத் திட்டம், 2017 முதல் 2022 வரைக்கானது, கண்காணிப்பை முக்கிய நோக்கங்களில் ஒன்றாக எழுதியது. அதைத் தோட்டம் வரை கொண்டுபோகப் பெரிய ஆய்வுகூடம் மலை மேல் தேவையில்லை. மருந்து கொடுப்பதற்கு முன் மாதிரி எடுக்கப் பழகிய ஒருவர், குப்பிகள், ஒரு குளிர்ப்பெட்டி, லுணுகலையிலிருந்தும் மடூல்சீமையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் பதுளைக்குக் கிழமையில் சில தடவை தவறாமல் ஓடும் ஒரு வண்டி, இவை போதும். பதுளையில் வளர்த்தெடுத்த கிருமியைக் கொழும்பில் வகைப்படுத்தலாம். அப்படி ஒரு மழைக்காலம் முழுவதும் செய்தால், ஒரு தோட்டத்து வயிற்றோட்டமும் அடுத்த தோட்டத்து வயிற்றோட்டமும் ஒரே பீலியிலிருந்து வந்தவையா என்று சொல்ல முடியும். டிஸ்பென்சரியில் எந்த மாத்திரை இனிப் பலிக்காது என்றும் சொல்ல முடியும்.