நிறுத்திப் பார்த்த இதயம்

உடலுக்குள் பொருத்தப்படும் இதய டிஃபிபிரிலேட்டர் சரியாக இயங்குமா என்று எவ்வாறு சோதிப்பது? இக்கருவியின் வரலாற்றைப் படித்த நாள் முதல் இக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை விடுத்து வெறுமனே நடுங்கத் தொடங்கினால் குருதியோட்டம் நின்றுவிடும். சில நிமிடங்களில் உயிர் போகும். 1966-இல் இஸ்ரேலில் தம் மூத்த மருத்துவரான ஹாரி ஹெல்லரை மிஷெல் மிரோவ்ஸ்கி இவ்வாறுதான் இழந்தார். போர்க்காலத்தில் குடும்பத்தையே பறிகொடுத்த வார்சாக்காரர் அவர். 1968-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் சென்று, மோர்ட்டன் மோவருடன் சேர்ந்து, நடுக்கத்தைத் தானே உணர்ந்து மின்னதிர்ச்சி தரும் கருவியை உருவாக்கலானார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. உடலுக்கு வெளியிலிருந்து மின்னதிர்ச்சி தரும் முறையில் முன்னோடியான பெர்னார்ட் லவுனே 1972-இல் இதனைக் கண்டித்து எழுதினார். மிரோவ்ஸ்கி குழு ஒரு படம் எடுத்துக் காட்டியது. கருவி பொருத்திய நாயின் இதயத்தை வேண்டுமென்றே நடுங்கச் செய்கிறார்கள். நாய் சுருண்டு விழுகிறது. சில நொடிகளில் கருவி அதிர்ச்சி தர, நாய் எழுந்து வாலை ஆட்டுகிறது. விழுவதற்கு அந்த நாயைப் பழக்கியிருக்கிறார்கள் என்று சொன்னவர்களும் உண்டாம்! அடுத்த படத்தில் இதய மின்வரைவையும் சேர்த்தே காட்ட வேண்டியதாயிற்று.

1980 பிப்ரவரி 4-ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லீவை வாட்கின்ஸ் முதல் மனிதருக்கு இக்கருவியைப் பொருத்தினார். 1985-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

நாய்க்குச் செய்த சோதனை மனிதருக்கும் வழக்கமாயிற்று. கருவியைப் பொருத்தியதும், மயக்கத்தில் இருப்பவரின் இதயத்தை நடுங்கச் செய்து, கருவி அதனை மீட்கிறதா என்று பார்ப்பார்கள். கருவியின் உச்ச ஆற்றலைவிடக் குறைந்தது 10 ஜூல் குறைவான அதிர்ச்சியிலேயே இதயம் மீண்டால் தேர்ச்சி. அரிதாகச் சிலருக்கு இச்சோதனையே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. எழுதுபவரின் உயிரையே பறிக்கக்கூடிய தேர்வை நம்மில் எந்த ஆசிரியர் நடத்துவார்? ஆயினும் மருத்துவர்களைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பிய கருவி வேண்டிய வேளையில் தோற்றால் யார் பொறுப்பு?

அந்தச் சோதனையையே சோதிக்க நெடுங்காலம் ஆயிற்று. 'சிம்பிள்' எனும் ஆய்வில் ஏறத்தாழ 2,500 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சோதனை நடந்தது, மறுபாதியினருக்கு நடக்கவில்லை. 2015-இல் முடிவு வெளிவந்தது. சோதிக்கப்பட்டோரின் கருவிகள் பின்னாளில் கூடுதலாகப் பயன் தரவில்லை, உயிரிழப்பும் குறையவில்லை. அதன்பின், இடமார்பில் பொருத்தி இதயத்துக்குள் கம்பி செலுத்தும் வகைக்கு இச்சோதனையைப் பலர் கைவிட்டனர். மின்கலத்தின் இருப்பையும் கம்பியின் நிலையையும் இப்போது உடலுக்கு வெளியிலிருந்தே படித்துவிடுகிறார்கள். அதற்காக இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை.