கூடு மாறினால் உயிர் திரும்புமா?

கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர்களின் கதைகளைச் சிறுவயது முதலே நாம் கேட்டு வந்திருக்கிறோம். விட்டுச் சென்ற உடல் திரும்பி வரும்வரை அப்படியே இருக்கவேண்டுமே என்னும் கவலையே அக்கதைகளின் உயிர்நாடி. கணினியின் வரலாற்றிலும் இக்கவலைக்கு ஓர் அத்தியாயம் உண்டு.

ஹைபர்னேஷன் எனப்படும் நீள்துயிலின்போது, கணினி தன் நினைவகத்தில் உள்ளவற்றை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு அணைந்துவிடுகிறது. விழித்ததும் அவற்றை மீட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இடையில் எவரேனும் நினைவகத்தையோ உள்ளிருக்கும் ஓர் அட்டையையோ மாற்றியிருந்தால் என்ன ஆகும்? இல்லாத கருவியை இருப்பதாக நம்பி, இயங்குதளம் அதற்கு ஆணையிடும். கணினி உறைந்துபோகலாம், கோப்புகளும் சிதையலாம்.

1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வகுத்த ஏ.பி.எம். முறையில் மின்மேலாண்மை பெரும்பாலும் பயாஸின் பொறுப்பாக இருந்தது. 1996 டிசம்பரில் அவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் இணைந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. நெறிமுறை அப்பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. விழித்தெழும் கூடு பழைய கூடுதானா என்று அறிய அதில் ஓர் ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும், அடிப்படை வன்பொருள் அமைப்பைக் குறிக்கும் 4 பைட் அளவுள்ள ஓர் எண்ணை நிலைபொருள் கணித்து வைக்கும். துயிலுமுன் சேமித்த எண்ணும் விழிக்கையில் கிடைத்த எண்ணும் வேறுபட்டால், சேமித்த நினைவகப் படிமத்தை மீட்கலாகாது என்பது நெறி. சேமிக்காத கட்டுரை போய்விடும்; வன்தட்டு பிழைத்துக்கொள்ளும்.

ஆயினும் இது முழுக்காவல் அன்று. அந்த எண்ணைக் கணிப்பதில் நிலைபொருள் இயன்றதைச் செய்தால் போதும் என்றே நெறிமுறை கருதுகிறது. தவிர, கருவி மாறாமல் அதன் உள்ளடக்கம் மட்டும் மாறினால் இந்த எண் எதையும் காட்டாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, 'விரைவுத் தொடக்கம்' என்ற பெயரில், அணைக்கும்போதே தன் கருப்பகுதியை நீள்துயிலில் ஆழ்த்தியது. அணைந்துவிட்டதென எண்ணி, அதே வன்தட்டில் லினக்ஸ் வழியே எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய நினைவோடு மேலெழுதிக் கோப்புகளைக் குலைக்கக்கூடும். இதனாலேயே, துயிலும் விண்டோஸின் வட்டில் எழுத என்.டி.எஃப்.எஸ்-3ஜி மென்பொருள் மறுக்கிறது.

கூடு மாறவில்லை என்று கருவி சொல்லலாம். கூட்டுக்குள் நடந்ததை அது அறியாது. ஆகவே பாகங்களை மாற்றுமுன் கணினியை முழுமையாக அணைப்போம்.