கம்பி வைத்த சைக்கிள்

காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர். இரண்டு ஆண்டுகளிலேயே அந்தக் காப்புரிமை செல்லாமல் போயிற்று. ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840களிலேயே அந்த யோசனையைப் பதிவு செய்திருந்தது தெரியவந்தது. ஸ்டார்லி என்பவர் 1885இல் கொண்டுவந்த ‘ரோவர்’ சைக்கிளின் உருவத்தையும் எல்லோரும் எடுத்துச் செய்தார்கள். தமிழ்நாட்டில், 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. ஊருக்கு ஊர் சைக்கிள் கடை வந்தது. டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப்போட எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை. கழற்றலாம், மாற்றலாம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம்.

சட்டப்படி இத்தனை திறந்து கிடந்த பொருள், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்குப் பூட்டியே கிடந்தது. ஏறினால் ஊர் பேசும். ஒன்றைப் பொதுவில் வைத்துவிட்டால் போதும், எல்லோர் கைக்கும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

1991இல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவோடு சேர்த்தார். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், கல் பட்டை தீட்டுகிறவர்கள் எல்லோரும் கற்றார்கள். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1992இல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பொது இடத்தில் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அவர் பதிவு செய்த இன்னொன்றை நான் பெரிதாக நினைக்கிறேன். ‘லேடீஸ் சைக்கிள்’ கடைகளில் கிடைக்காமல் போனதும் பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் விரும்பியே அதை வாங்கினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! நீண்ட உடைக்கு இடைஞ்சல் என்று பெண்களுக்கான வண்டியில் கழற்றி எறிந்த கம்பி அது. அவர்களைக் கேட்காமலே அவர்களுக்காகச் செய்த வண்டியைவிட, தாங்களே பயன் கண்டுபிடித்த வண்டி அவர்களுக்குப் பொருந்தியது. குடத்துத் தண்ணீரும் சைக்கிளில் வந்தது. பஸ்ஸுக்கோ, கொண்டுபோய் விடும் அப்பாவுக்கோ புருஷனுக்கோ காத்திருந்த நேரம் மிச்சமானது.

அதே 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். மறு ஆண்டு அது ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. யாரும் இயக்கலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே, பொதுச்சொத்தை எவரும் வேலி போட்டு எடுத்துக்கொள்ளாமல் தடுத்த உரிமம் இது. சைக்கிள் கடைக்காரருக்கு வழக்கத்தில் இருந்த உரிமையை மென்பொருளுக்கு எழுத்தில் வாங்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்ஸைக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. புதுக்கோட்டை மாணவிகளின் மேசைக்கும் அது வந்தது. சைக்கிளோடு அறிவொளித் தொண்டர்கள் கிராமத்துக்குள் வந்தது போல, இந்த இரண்டாவது இயங்குதளத்தைத் திறந்து காட்டி, ‘இதை நீ பிரித்துப் பார்க்கலாம், உன் தோழிக்கும் போட்டுக் கொடுக்கலாம், சட்டம் தடுக்காது’ என்று சொல்ல ஆட்களை அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செலவைத் திட்டத்தின் பாதியாகக் கணக்கிட வேண்டும் என்பது என் கோரிக்கை. கற்றுக்கொடுக்கப் போகிறவர்களில் பெண்கள் பாதிக்குமேல் இருக்கட்டும்.