ஆசிரியர் சம்பளமும் நாணயப் பெறுமதியும்: தெமோதரையிலிருந்து ஒரு வரலாற்றுக் கணக்கு

நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளிவரும் நாணய மாற்று விகிதப் பட்டியலை வியாபாரிகள் மட்டுமே வாசிப்பர் என்று பலர் எண்ணுவதுண்டு. மலையகத்தில் அதை ஆவலோடு வாசிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். தெமோதரை, பதுளை வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, படித்து, மாலைதீவில் ஆசிரியப் பணிக்குச் சென்றவர்களின் குடும்பங்கள் அவை.

இந்தக் கணக்கு ஊவாவுக்குப் புதிதன்று. 1872இல் இலங்கை ரூபாய் நாணய முறைக்கு மாறியது. அக்காலத்தில் ஒரு ரூபாயின் பெறுமதி ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். வெள்ளியின் விலை சரியவே, 1890களின் முற்பகுதியில் அது ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. தேயிலையை இலண்டனில் பவுணுக்கு விற்று, கூலியை ரூபாயில் கொடுத்த துரைமாருக்கு அது இலாபம். ரூபாயில் சம்பளம் பெற்று இங்கிலாந்திலிருந்த குடும்பத்துக்குப் பணம் அனுப்பிய அரசு உத்தியோகத்தருக்கும் கல்லூரி ஆசிரியருக்கும் அது நட்டம். சம்பளத் தொகை மாறாமலே வருமானம் குறைந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரும் இந்த இடரிலிருந்து நெடுங்காலம் தப்பியிருந்தனர். இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சமபெறுமதி உடையனவாக இருந்ததே காரணம். பணம் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் வந்த பின்னரும் அந்தச் சமநிலை நீடித்தது. 1966 ஜூனில் இந்தியா டாலரின் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆக்கியபோதுதான் அது குலைந்தது. 1967 நவம்பரில் இலங்கையும் 5.95க்கு இறங்கியது.

பின்னர் இலங்கைத் தமிழ் ஆசிரியர் பலர் நைஜீரியா சென்றனர். 1980இல் ஒரு நைரா ஒரு டாலரினும் மதிப்புடையது. 1986 செப்டம்பரில் அந்நாடு நாணயத்தைச் சந்தையிடம் விட்டதும் ஒரு டாலருக்கு மூன்று நைராவுக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. நியமனக் கடிதத்தில் இருந்த தொகை அப்படியே இருந்தது. ஊருக்கு வந்து சேர்ந்த பணம் சுருங்கியது.

மாலைதீவின் கதை வேறு. அங்கு 2011 முதல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 15.42 ருஃபியா என்பதே அதிகாரபூர்வ விகிதம். ஆட்டம் கண்டது நமது ரூபாய். மாதம் 10,000 ருஃபியா அனுப்பும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். டாலர் 200 ரூபாயாக இருந்த 2021இல் அது சுமார் 1.30 இலட்சம். டாலர் 360ஐ எட்டிய 2022 மே மாதத்தில் 2.33 இலட்சம். குடும்பம் செழித்துவிட்டதாக அயலார் எண்ணியிருப்பர். ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். கூடுதலாகக் கிடைத்ததில் பெரும்பகுதியை அரிசியும் மாவும் மருந்தும் விழுங்கின.

2024 இறுதியில் டாலர் சுமார் 293க்கு இறங்கியது. அதே 10,000 ருஃபியா அப்போது 1.90 இலட்சம். 2021ஐ விட இது 46 வீதமே அதிகம். விலைவாசியோ அதைவிட மிக உயர்ந்து நின்றது. 2.33 இலட்சத்தை நிலையான வருமானம் என நம்பி வீடு கட்டக் கடன் பெற்றவரின் தவணை மட்டும் இறங்கவில்லை. போதாக்குறைக்கு, மாலைதீவின் டாலர் தட்டுப்பாட்டினால் வங்கியில் வேண்டிய டாலர் கிடைக்காதபோது வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்தே வாங்க வேண்டும். காகிதத்தில் உள்ள விகிதம் கைக்கு எட்டுவதில்லை.

ரூபாய் வீழ்ந்தால் வெளிநாட்டில் உழைப்பவருக்கு யோகம் என்பது பாதி உண்மையே. எந்த நாணயத்தில் சம்பளம், அதில் எவ்வளவை எந்த விகிதத்தில் அனுப்பலாம் என்பவற்றை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டறிதல் வேண்டும். கடன் பெறுவோர் உச்ச விகிதத்தை விடுத்து, தாழ்ந்த விகிதத்தை வைத்தே தவணையைக் கணக்கிடுதல் நலம். சொந்த ஊரில் ரூபாய்ச் சம்பளத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கோ 2022இல் இந்த அரைகுறை ஈடும் கிட்டவில்லை. மலையகப் பிள்ளைகளின் வகுப்பறைகளை விட்டு ஆசிரியர்கள் ஏன் கடல் கடக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.