ஊவாத் தோட்டங்களில் அம்மை

பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டால் வீட்டார் நோயின் பெயரைச் சொல்லார். அம்மாள் வந்திருப்பதாகச் சொல்லி, வாயிலில் வேப்பிலை செருகித் தாளிப்பை நிறுத்துவர். அயலாரை உள்ளே விடார். மூன்று தண்ணீர் வார்க்கும்வரை மருந்தும் தொடார். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வழக்கம் பிறந்த காலத்தை நோக்கினால் அவ்வாறு சொல்லத் தோன்றாது.

உண்மையில் அது வைசூரி என்னும் பெரியம்மைக்கு அஞ்சி வகுத்த ஒழுக்கமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னாரில் கரையேறி, வறண்ட காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். ஊவாவுக்கு வந்தோர் அதற்கப்பாலும் மலையேற வேண்டியிருந்தது. வாந்திபேதியும் வைசூரியும் அவர்களோடு கூடவே நடந்தன. வழியில் மாண்டோர் வழியிலேயே கிடந்தனர். ஜென்னர் 1796இல் கண்ட அம்மைப்பால் 1802இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எனினும் அது எல்லாக் கைகளையும் எட்ட நெடுங்காலமாயிற்று. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தொழிலாளரைச் சில நாள் தடுத்து வைத்து, அம்மை குத்திய பின்னரே கப்பலேற்றினர். நோயைச் சொன்னால் மறித்துவிடுவர் என்ற அச்சமும் அக்காலத்திலேயே வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கண்டோருள் பத்துக்கு மூவரைக் கொன்ற அந்நோய் உலகினின்று ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. அதற்கென வகுத்த சடங்கு மட்டும் எஞ்சி, கொப்புளிப்பானுக்கு உரியதாயிற்று. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1767இலேயே இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் விளக்கினார். வைசூரிக் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுந்து ஒருசேர முதிரும். கொப்புளிப்பானோ உடலின் நடுப்பகுதியில் மிகுதியாய்த் தோன்றும். ஒருபுறம் புதியது அரும்ப, மறுபுறம் பழையது காயும்.

பிள்ளையைத் தனியே கிடத்துவது நல்ல வழக்கமே. ஆயினும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தனிமைக்கு இடமேது? மேலும், கொப்புளம் தோன்றுமுன் ஓரிரு நாட்களிலேயே இது தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை செருகும்போது தம்பி தங்கையர் நோயை வாங்கியாயிற்று. பத்து முதல் இருபத்தொரு நாளுள் அவர்களும் படுப்பர். பாடசாலை வரவுப் பதிவேட்டில் இதனை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை வராமல் நின்ற இரு கிழமைக்குப் பின் ஒரு வாங்கே வெறுமையாகும்.

வேப்பிலை இருக்கட்டும், அதனால் தீங்கில்லை. பத்தியத்தின் பெயரால் பிள்ளையைப் பட்டினி போடுவதும் மருந்தை மறுப்பதுமே தீங்கு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இளஞ்சூட்டு நீரில் நாள்தோறும் உடலைக் கழுவலாம். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது பிள்ளைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கவல்லது. மூச்சுத் திணறலோ, மீளா மயக்கமோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்த வீக்கமோ கண்டால் தண்ணீர் வார்க்கும் நாளுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முன்பு இந்நோய் காணாத கர்ப்பிணிகளும், பச்சிளங் குழந்தைகளும் அண்டாதிருக்கட்டும்.

பெற்றோரிடம் நான் சடங்கை விடச் சொல்வதில்லை. மூன்றாந் தண்ணீரைக் கிழமை பார்த்துக் குறியாமல், கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதைப் பார்த்துக் குறிக்கவும், அதன் பின்னரே பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவும் வேண்டுகிறேன். சென்ற ஆண்டு ஒரு பாட்டி பேரனை என் முன் நிறுத்தி, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். "எண்ணிப் பாத்துட்டேங்க ஐயா, எல்லாம் காஞ்சிருச்சு" என்றார்.