மரத்தடியிலிருந்து ஏழு கட்டடங்கள் வரை

விடியுமுன் கத்தியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்குப் போகிற குடும்பங்கள் நம்முடையவை. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் கண்ட இடம் எது தெரியுமா? சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காதான். அங்கிருந்து தொடங்கி, ஆய்வுக்கூடத்தின் வடிவம் எப்படி மாறி வந்தது என்பதை இன்று பார்ப்போம்.

1859இல் தோன்றிய அந்தப் பூங்காவுக்கு 1877இல் ரப்பர்க் கன்றுகள் வந்தன. அவை பிரேசில் விதைகளிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்தவை. 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லிக்கு ஆய்வு மாளிகை எதுவும் தேவைப்படவில்லை. நின்ற மரங்களே அவருடைய ஆய்வுக்கூடம். பட்டையைச் சாய்வாகக் கீறி, அதே காயத்தின் விளிம்பை மீண்டும் மெல்லச் சீவினால் பால் கூடுதலாக வரும், மரமும் பிழைக்கும் என்று 1890களில் காட்டினார். விதைகளை வாங்கும்படி தோட்டக்காரர்களை விடாமல் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டமும் பெற்றார். பின்னர் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. இலட்சக்கணக்கான தமிழர் கப்பலேறினர்.

அதே பூங்காவில் 1921இல் ஓர் இரண்டு மாடிப் பங்களா எழுந்தது. எரிக் ஹோல்ட்டம் என்ற அறிஞர் அங்கே ஆர்க்கிட் விதைகளைக் கண்ணாடிக் குடுவையில் முளைக்க வைத்தார். தூசி போன்ற அந்த விதையோடு ஒரு பூஞ்சை வித்து சேர்ந்தாலும் குடுவை முழுதும் கெட்டுவிடும். ஆகவே ஆய்வு மரத்தடியை விட்டுச் சுவருக்குள் வந்தது. இன்று ஹோல்ட்டம் மண்டபம் என்ற பெயரில் அது அருங்காட்சியகமாக இருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத மரபணுவை ஆராய இன்னும் பெரிய ஏற்பாடு வேண்டும் அல்லவா? அதற்காக 2003இல் புவன விஸ்தா வட்டாரத்தில் பயோபொலிஸ் திறக்கப்பட்டது. அது அமைந்த நகரப் பகுதியின் பெயர் ஒன் நார்த். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருப்பதால் வந்த பெயர் அது. அந்தப் பகுதி முழுவதற்கும் திட்டம் வரைந்தவர் ஈராக்கில் பிறந்த பெண் கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத்.

பயோபொலிஸின் முதல் கட்டத்தில் ஏழு கட்டடங்கள். மேல்மாடிகளை வானப் பாலங்கள் இணைக்கின்றன. ஒரு துறையார் மழையில் நனையாமல் மற்றத் துறையாரிடம் நடந்து போகலாம். விலையுயர்ந்த கருவிகளைப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம். ஒதுங்கி நிற்கும் பங்களாவால் தர முடியாத வசதி இது. சந்தித்துப் பேசுவதும் ஆய்வின் ஒரு பகுதி என்பதையே அந்தப் பாலங்கள் சொல்கின்றன.

2020இல் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் நோய் வேகமாகப் பரவியது. ஞாயிறுதோறும் தேக்காவில் கூடுகிற தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் பலர் அவ்விடுதிகளில் இருந்தனர். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பும் டான் டோக் செங் மருத்துவமனையும் சேர்ந்து நோயைக் கண்டறியும் சோதனைப் பொருளை உருவாக்கியிருந்தன. ஏ-ஸ்டாரின் ஆய்வுக் கழகங்கள் பல பயோபொலிஸில்தான் இருக்கின்றன.

ரிட்லி காட்டிய வெட்டைக் காலமெல்லாம் வெட்டியது நம் கை. சிங்கப்பூரின் மாடிகளை உயர்த்தியதிலும் தமிழர் கை உண்டு. அந்த வானப் பாலங்களில் ஆய்வாளராக நடப்போர் வரிசையிலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். அதற்கு முதற்படி அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதிருப்பதே.